மலைக்காட்டுக்கு மென்ஸ்ட்ருவல் கப் சரிப்படுமா? கோத்தகிரியில இருந்து ஒரு ரிவியூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலரை. அந்த அரை எங்க போச்சுன்னு கீழ வரும். தெரியாதவங்களுக்கு, மாதவிலக்கு நாள்ல பேடுக்குப் பதிலா உள்ள வச்சுக்கிற கிண்ணம்தான் இந்தக் கப்பு. பிராண்ட் பேர் போடல, ஏன்னா எங்க வீட்ல நான் ஒண்ணு, அண்ணி ஒண்ணு, தங்கச்சி ஒண்ணுன்னு வேற வேற கம்பெனி கப்புதான் வச்சிருக்கோம், மூணுமே மெடிக்கல் கிரேடு சிலிகான், மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வேலை செய்யுது. அதனால இது கப்புங்கிற சாமானுக்கே போடுற ரிவியூ. கோயம்புத்தூர், சென்னையில இருந்து எழுதுறவங்க ரிவியூ நிறைய படிச்சிருக்கேன், நல்லாதான் எழுதுறாங்க, ஆனா அங்க வெயில் அடிக்குது, ஆபீஸ்ல பாத்ரூம் இருக்கு, குப்பை வண்டி வாசலுக்கே வருது. நம்ம மலையில நெலம வேற.

துணியில இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க அம்மா எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவங்க, கடைசி வரைக்கும் துணிதான். துணி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, சோப்பு போட்டு அலசி நல்ல வெயில்ல காயப்போட்டா பருத்தித் துணி தோலுக்கு ரொம்ப இதமானது. ஆனா வெயிலுக்கு எங்க போறது? கூடலூர் பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில ஊத்தும், எங்க கோத்தகிரி குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில ஊத்தும், மழை விட்ட நாள்லயும் மஞ்சு இறங்கிடும், கொடியில போட்ட துணி நாள் கணக்கா சில்லுனு ஈரமாவே தொங்கும். இதுல இந்தத் துணி மட்டும் அப்பா அண்ணன் கண்ணுல படக்கூடாதுன்னு பாவாடைக்கு அடியில, பாத்ரூம் மூலையில, விறகு அடுக்குக்குப் பின்னாடின்னு ஒளிச்சு ஒளிச்சு போடுவாங்க. அது அரை ஈரமாவே மடிச்சு பெட்டிக்குள்ள போகும், அடுத்த மாசம் அதையே எடுத்து வச்சா அரிப்பு வரும், நாத்தம் வரும், புண்ணு வரும். அம்மா அதுக்கெல்லாம் "ஒடம்பு சூடு"னு சொல்லி வெந்தயத்த முழுங்கிட்டு வேலைக்குப் போயிடுவாங்க.

அப்புறம் பேட் வந்துச்சு. வந்தது நல்லதுதான், நமக்குக் கீழ கோயம்புத்தூர்ல இருந்துதான் அருணாச்சலம் முருகானந்தம் சார் குறைஞ்ச விலையில பேட் செய்ற மெஷின கண்டுபிடிச்சு நாடு முழுக்க கொண்டு போனாரு, 2016-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அரசாங்கமும் புதுயுகம் திட்டத்துல பொண்ணுங்களுக்கு ஃப்ரீயா குடுக்குது. 2018 ஜூலையில பேடுக்கு 12 சதவீத ஜிஎஸ்டியையும் எடுத்துட்டாங்க. எல்லாம் சரி, ஆனா தேயிலைக் காட்டுல பேட மாத்துறது எங்க? காலையில மேல ஏறினா மத்தியானம் கொழுந்து எடை போடத்தான் கீழ இறங்குறது. 1951-லயே தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டாங்க, கக்கூஸ் கட்டிக் குடுக்கணும்னு அதுல தெளிவா இருந்துச்சு, ஆனா கக்கூஸ் லயன்ல, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கிட்ட இருக்கும், கொழுந்து மேல சரிவுல இருக்கும். நனைஞ்ச பேடோட அந்தச் சரிவுல ஏறி இறங்கி ஏறி இறங்கி தொடை இடுக்கு உரசி தோலு உரிஞ்சு போயி, சாயந்தரம் சுடுதண்ணி பட்டா கண்ணுல தண்ணி வரும், இது தெரியாத எஸ்டேட் பொம்பள யாரும் இல்ல.

மாத்துனாலும் தூக்கிப் போடுறது எங்க? நீலகிரிக்கு மேல வர்ற வண்டிய செக்போஸ்ட்ல நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பாக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா கடையில விக்கிற பேட்ல பெரும்பங்கு பிளாஸ்டிக்தான், மேல இருக்கிற அந்த வழுவழு ஷீட்டும் பிளாஸ்டிக், கீழ ஒட்டுற பக்கமும் பிளாஸ்டிக், நடுவுல ஈரத்த உறிஞ்சி ஜெல்லியாகுற பொடியும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். 2016 குப்பை மேலாண்மை விதியில பேட் கம்பெனிங்க சுத்திப் போட கவர் குடுக்கணும், நாம அதுல சுத்தி தனியா குடுக்கணும்னு போட்டாங்க. எங்க லயன்ல என்ன நடக்குதுன்னா ஓடைப்பக்கம் வீசுறது, இல்ல அடுப்புல போட்டு எரிக்கிறது. பிளாஸ்டிக் எரியிற பொகை வீட்டுக்குள்ளயே சுத்தும், குழந்தைங்க அதத்தான் மூச்சா இழுக்குது. ஓடையில வீசினா நாயும் காட்டுப்பன்னியும் இழுத்துட்டு வந்து நடுரோட்ல போடுது.

கரடி விஷயம் ஒண்ணு இங்கயே சொல்லிடுறேன். தீட்டு நாள்ல காட்டுக்குப் போகாத, வாசத்துக்கு கரடி வரும்னு எங்க ஊர்ல பாட்டிங்க சொல்லுவாங்க. அமெரிக்காவுல கருங்கரடிங்கள வச்சு இதையே ஆராய்ச்சி பண்ணி 1991-ல வெளியிட்டாங்க, மாதவிலக்கு ரத்த வாசத்த அந்தக் கரடிங்க சட்டையே பண்ணல. நம்ம ஊர் கரடி வேற ஜாதிதான், ஆனா கோத்தகிரியில கரடி தெருவுக்குள்ள வர்றது எதுக்குன்னு நமக்குத் தெரியும், சாப்பாட்டுக் குப்பை, பேக்கரி, பழம். பொண்ணுங்க ஒடம்பு மேல பழி போடுறத விட்டுட்டு குப்பையை ஒழுங்கு பண்ணுங்க.

சரி, கப்பு. சிலிகான்ல செஞ்ச சின்ன கிண்ணம், அடியில ஒரு குட்டி காம்பு. எங்க அம்மா முதல்ல பாத்துட்டு "என்னடி இது, மண்ணெண்ணெய் ஊத்துற புனல் மாதிரி இருக்கு, இதப் போயி உள்ள வைக்கிறதா"ன்னாங்க. ஏதோ இப்ப வந்த மாடர்ன் சாமான்னு எல்லாரும் நினைக்கிறோம், ஆனா லியோனா சால்மர்ஸ்னு ஒரு அமெரிக்க நடிகை 1937-லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க. அப்ப ரப்பர்ல செஞ்சாங்க, ரெண்டாம் உலகப்போர்ல ரப்பர் கிடைக்காம நின்னு போச்சு. எங்க பாட்டி சின்னப் பொண்ணா இருந்த காலத்து சாமான் நம்ம கைக்கு வர இத்தன வருஷம் ஆயிருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம், உறிஞ்சுறது கிடையாது, பிடிச்சு வைக்கிறது மட்டும்தான். அதனால தோல்ல ஈரம் இல்ல, உரசல் இல்ல, காத்து படாததால அந்த வாடையும் இல்ல. காலையில ஆறு மணிக்கு வீட்ல வச்சுட்டு காட்டுக்குப் போனா சாயந்தரம் வீட்டுக்கு வந்து எடுத்தா போதும். 12 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம்னு பெரும்பாலான கம்பெனிக்காரங்க சொல்றாங்க, நான் எட்டு ஒம்பது மணி நேரத்துல எடுத்துடுவேன், அதிகம் போற முதல் ரெண்டு நாள் அதுக்கும் முன்னாடியே. பேட் மாத்த பாத்ரூம் தேடுற கவலையே போச்சு, அந்த ஒரு காரணத்துக்கே எஸ்டேட்ல வேலை செய்ற ஒவ்வொருத்திக்கும் இத நான் சொல்லுவேன்.

வைக்கிறது எப்படின்னு நல்லா விளக்கமா எழுதுறேன், ஏன்னா பாதிப்பேர் இங்கதான் விட்டுடுறாங்க. கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவணும், கொழுந்து எடுக்கிற கையில தேயிலைக் கறை மட்டும் இல்ல, மருந்து அடிச்ச காடா இருந்தா அதுவும் இருக்கும், நகத்த ஒட்ட வெட்டிடுங்க. நம்ம இந்தியன் டாய்லெட்ல உக்கார்ற மாதிரி குத்தவச்சு உக்காருங்க, அதுதான் இதுக்கு சரியான பொசிஷன், மேல்நாட்டுக்காரங்க இதுக்குத் தனியா பயிற்சி எடுக்கணும், நமக்கு பொறந்ததுல இருந்து பழக்கம். கப்போட வாய் விளிம்புல ஒரு பக்கத்த விரலால உள்ள அமுக்குனா முனை சின்னதாயிடும், அத அப்படியே பிடிச்சு நேர மேல பாத்து தள்ளாம, முதுகெலும்பு முடியிற வால் எலும்பு இருக்கிற பின்பக்கமா சாய்ச்சு உள்ள விடணும். உள்ள போனதும் விட்டீங்கன்னா விரிஞ்சுக்கும். விரிஞ்சுதான்னு தெரிய அடிப்பாகத்த விரலால சுத்தி தடவிப் பாருங்க, எங்கயாவது மடிப்பு தட்டுச்சுன்னா விரியல, லேசா திருப்பிவிடுங்க. லீக் ஆகுதுன்னு கப்ப திட்டுறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இந்த மடிப்புதான் பிரச்சனை.

எடுக்கும்போது காம்ப பிடிச்சு வெடுக்குனு இழுக்கக் கூடாது. உள்ள ஒரு பிடிப்பு இருக்கும், அடிப்பாகத்த ரெண்டு விரலால நசுக்கினா காத்து உள்ள போயி பிடி விடும், அப்புறம் மெல்ல அசைச்சு அசைச்சு வெளிய கொண்டு வரணும். பதட்டப்பட்டா தசை இறுகிக்கும், ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா இருந்துட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. உள்ளயே தொலைஞ்சு போயிடுமான்னு எங்கிட்ட கேக்காத ஆளே இல்ல. போகாது. மேல கர்ப்பப்பை வாய் மூடி இருக்கு, அதுல ஒரு பொட்டு துவாரம்தான், கப்பு அதத் தாண்டி எங்கயும் போக வழியே இல்ல. மேல ஏறின மாதிரி இருந்தா குத்தவச்சு லேசா முக்கினா தானே கீழ வரும். ஒண்ணுக்குப் போற வழி வேற, இது வைக்கிற வழி வேற, அதனால கப்போடயே ஒண்ணுக்குப் போகலாம், இத சொன்னப்ப மூணு புள்ள பெத்த எங்க பக்கத்து வீட்டு அக்கா "அது ரெண்டும் வேற வேறயா?"ன்னு கேட்டாங்க. நம்மகிட்ட யாரும் சொல்லித் தரல, அதுதான் நெசம்.

ஒவ்வொரு மாசமும் விலக்கு ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும். இங்கதான் மலைக்காரங்களுக்கு ஒரு விஷயம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், கோத்தகிரி குன்னூர்ல ஒரு டிகிரி கூட வரும். பருப்பு வேக நமக்கு ஏன் நேரமாகுதோ அதே காரணம்தான். அந்தச் சூடே கிருமிக்குப் போதும், பயப்பட வேண்டாம், ஆனா கப்பு அட்டையில மூணு நிமிஷம்னு போட்டிருந்தா நான் ஏழெட்டு நிமிஷம் விடுவேன். அதுக்குன்னு தனியா ஒரு எவர்சில்வர் போணி வச்சுக்கோங்க, தண்ணி வத்துற வரைக்கும் விட்டா சிலிகான் அடியில ஒட்டி கருகிடும். விளிம்புக்குக் கீழ ஊசி முனை சைஸ்ல நாலு ஓட்டை இருக்கும், அது அடைஞ்சா கப்பு சரியா பிடிக்காது, தண்ணி நிரப்பி உள்ளங்கைய வச்சு அமுக்கினா ஓட்டை வழியா பீச்சி சுத்தமாகிடும். டெட்டால், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம், உள்ள எரியும். மார்கழி தை மாசத்துல காலையில கப்பு ஐஸ் கட்டி மாதிரி சில்லுனு இருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில ஒரு நிமிஷம் போட்டா வைக்க இதமா இருக்கும்.

இப்ப எங்க அண்ணி கதை. கப்புல மில்லி கோடு போட்டிருக்கும், அதுதான் அவங்கள காப்பாத்துச்சுன்னு நான் சொல்லுவேன். ஒரு மாதவிலக்கு முழுசுக்கும் சேத்து சராசரியா போறது 30, 40 மில்லி ரத்தம்தான், ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன். நம்ப முடியாது, பேட்ல பரவி இருக்கிறப்ப அரை லிட்டர் போன மாதிரி தெரியும். 80 மில்லிக்கு மேல போனா அது அதிகப்படியான போக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. அண்ணிக்கு 25 மில்லி கப்பு மூணு மணி நேரத்துல நிறைஞ்சு, எடுத்து ஊத்தினா திரும்ப நிறைஞ்சுது. வருஷக்கணக்கா "எனக்கு கொஞ்சம் அதிகமா போகும்"னு மட்டும் சொல்லிட்டு இருந்தவங்க, நடந்தா மூச்சு வாங்குது, எடைக்கு கொழுந்து தூக்க முடியல, அதையெல்லாம் வயசாகுதுன்னு விட்டுட்டாங்க. அந்த மாசம் நான் பேப்பர்ல மணியும் மில்லியும் எழுதிக் குடுத்து அனுப்பினேன். டாக்டரம்மா அத பாத்ததும் ரத்தம் டெஸ்ட், ஸ்கேன் ரெண்டும் எழுதினாங்க, ரத்தசோகை இருந்துச்சு, கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சு. மாத்திரை ஓடுது, இப்ப பரவால்ல. கப்பு இல்லாதவங்களுக்கும் அளவு இருக்கு, மணிக்கு ஒருக்கா ரெண்டு மணிக்கு ஒருக்கா பேட் நனையுதா, பத்து ரூபா காயின விட பெருசா ரத்தம் கட்டி கட்டியா வருதா, ஏழு நாளைக்கு மேல நீளுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரத்தசோகைன்னதும் டீ ஞாபகம் வருது. தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல சர்வே சொல்லுது. நாம டீ மண்ணுல இருக்கோம், சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறது நம்ம பழக்கம், ஆனா கீரை, ராகி, பருப்புல இருக்கிற இரும்புச்சத்த ஒடம்பு எடுக்க விடாம டீ தடுக்கும். டீய விடச் சொல்லல, யார் விடுவா, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் கேப் விடுங்க, கீரை மேல எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, இல்ல ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கோங்க, அது இரும்புச்சத்த இழுத்துக் குடுக்கும். சத்து மாத்திரையையும் டீயோட முழுங்காதீங்க. கறி சாப்பிடுறவங்க ஈரல், சுவரொட்டி எடுத்துக்கலாம்.

வலிக்கு கப்பு ஒண்ணும் செய்யாது, அத எதிர்பார்த்து வாங்காதீங்க. கர்ப்பப்பை சுருங்கி விரியிறதுக்கு ஒடம்பு புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ண சுரக்குது, வலியும் அதாலதான், அந்த நாள்ல வயித்தால போறதும் அதாலதான், ரெண்டும் ஒரே வேர். வலி மாத்திரை அது சுரக்கிறதத்தான் குறைக்குது, அதனால டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய வலி உச்சத்துக்குப் போன பிறகு போடாம ஆரம்பிக்கும்போதே சாப்பிட்டுட்டு போட்டா நல்லா கேக்கும், அல்சர், ஆஸ்துமா இருக்கிறவங்க கேக்காம போடக்கூடாது. சுடுதண்ணி பை நிஜமாவே உதவும்.

இனி அந்த அரை மார்க். பழக ரெண்டு மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் கூட ஒரு துணியோ பேடோ வச்சுக்கணும். 2019-ல லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ்ல 43 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, லீக் ஆகுறது பேட் அளவுக்கோ அதவிட கம்மியோதான், யூஸ் பண்ணவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் தொடர்ந்து யூஸ் பண்ணுவோம்னு சொன்னாங்க, ஆனா பழக்கம் வர மாசங்கள் பிடிக்குதுன்னும் அதுலயே இருக்கு. அப்புறம் தண்ணி. பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம்ல கப்ப எடுத்து கழுவுறது முடியாத காரியம், கைல ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போகணும். கர்ப்பம் தடுக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி போட்டிருக்கிறவங்க டாக்டர கேக்காம கப்ப தொடாதீங்க, இழுக்கிறப்ப அது நகர்ந்து வெளிய வர வாய்ப்பு இருக்கு. குழந்தை பெத்து கிட்ட நாள்ல வேண்டாம். டாக்ஸிக் ஷாக்னு ஒரு கிருமித்தாக்கம் இருக்கு, ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா கப்பு உள்ள இருக்கும்போது திடீர்னு கடும் காய்ச்சல், வாந்தி, தோல் சிவக்கிறது, தலைசுத்தல் வந்தா உடனே எடுத்துட்டு எமர்ஜென்சிக்குப் போங்க.

கல்யாணம் ஆகாத பொண்ணு வைக்கலாமான்னு கேக்குறாங்க. வைக்கலாம், என் தங்கச்சி காலேஜ் படிக்கிறா, சின்ன சைஸ் வச்சிருக்கா. கன்னித்திரைன்னு சொல்றது வாசலை அடைச்ச கதவு கிடையாது, ஓரத்துல இருக்கிற நெகிழ்வான சவ்வு, ஆளுக்கு ஆள் மாறும், அத வச்சு எவளோட ஒழுக்கத்தையும் யாராலயும் சொல்ல முடியாது. அம்மா முதல்ல முகத்த திருப்பிக்கிட்டாங்க, ரெண்டு நாள் பேசல, அப்புறம் "அவளுக்கு ஒத்துக்குதுன்னா வச்சுக்கட்டும்டி, எங்கள மாதிரி புண்ணோட நடக்க வேணாம்"னாங்க. ஆனா வேண்டாம்னு சொல்ற பொண்ண வற்புறுத்தாதீங்க, அவ ஒடம்பு, அவ இஷ்டம்.

விலை 300-ல இருந்து 600 ரூபாய்க்குள்ள நல்லதே கிடைக்குது, ஒழுங்கா வச்சுக்கிட்டா அஞ்சு வருஷத்துக்கு மேல வரும். ஒரு பேட் எட்டு ரூபான்னு வச்சு மாசம் 15 வாங்கினாலே 120 ரூபா, வருஷத்துக்கு 1440, கணக்கு நீங்களே போட்டுக்கலாம். ஆனா கப்பு விலைய மொத்தமா ஒரே நாள்ல எடுக்கிறதுதான் கூலி வாங்குறவங்களுக்குக் கஷ்டம். பக்கத்துல கேரளாவுல ஆலப்புழை நகராட்சி 2019-ல திங்கள்னு திட்டம் போட்டு 5000 கப்பு ஃப்ரீயா குடுத்தாங்க, சொல்லிக்கொடுக்க ஆளும் வச்சாங்க. நீலகிரி எஸ்டேட் லயன்களுக்கு அப்படி ஒண்ணு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, கப்ப மட்டும் குடுத்துட்டுப் போகாம கூட உக்காந்து சொல்லிக்கொடுக்க ஒரு நர்சக்காவ அனுப்பினாத்தான் பிரயோஜனம்.

வாங்குறப்ப சுகப்பிரசவம் ஆகாதவங்க சின்னது, ஆனவங்க பெருசுன்னு பொதுவா சொல்லுவாங்க, கர்ப்பப்பை வாய் கீழ இருக்கிறவங்களுக்கு நீளம் கம்மியான கப்பு வேணும், விலக்கு நாள்ல விரல விட்டுப் பாத்து முதல் கணுவுலயே தட்டுச்சுன்னா நீங்க அந்த ரகம். 100 ரூபாய்க்கு விக்கிற, ரப்பர் நாத்தம் அடிக்கிற கப்ப தொடாதீங்க. விலக்கு முடிஞ்சதும் கொதிக்க வச்சு நல்லா துடைச்சு அது கூட வர்ற துணிப்பையில போடுங்க, காத்துப் புகாத டப்பா, பிளாஸ்டிக் கவர் ரெண்டும் வேண்டாம், நம்ம ஊர் ஈரத்துக்கு அந்தத் துணிப்பையே பூசணம் பிடிக்கும், அதனால மழை மாசத்துல பைய அடிக்கடி துவைச்சு அடுப்படி சூட்டுல காயவச்சு, கப்ப அலமாரிக்குள்ள வைக்காம அடுப்பங்கரை பக்கம் ஒரு ஆணியில மாட்டிடுங்க.